கொழும்புக்குப் போன கதவு

யாரு பெயிண்ட் அடிக்கச் சொன்னதுன்னு கேட்டியே நேத்து, தொண்டை கிழியக் கத்தி. நான்தான்னு சொன்னேன். நீ போன வச்சுட்ட. அதுக்குப் பிறகு எத்தன தடவ அடிச்சாலும் எடுக்கல. சரி, எடுக்காத. எனக்கும் பேசுறதவிட இது லேசு. பேசினா நீ நடுவுல கத்துவ, நானும் கத்துவேன். நமக்குள்ள பத்தொம்போது வயசுதான் வித்தியாசம், அப்பன் மக மாதிரியா சண்ட போடுறோம், அண்ணன் தங்கச்சி மாதிரில்ல போடுறோம். அதான் எழுதுறேன். பாட்டுப் பொக்ஸ் மேல உக்காந்துக்கிட்டு போன்ல கட்டவெரலால குத்திக்கிட்டு இருக்கேன். இன்னும் சரியா விடியல. வாசல்ல கதவு இல்லாததால பனி நேரா அடுப்படி வரைக்கும் வருது. பிழை இருந்தா நீயே திருத்தி வாசிச்சுக்க, நான் ஓ.எல். பரீட்ச எழுதாம ஓடுனவன்னு உனக்குத் தெரியும். இப்போதைக்கு உனக்கு மட்டும்தான் அனுப்புறேன். நாளைக்கு உன் கூட்டாளிங்க வாசிச்சாலும் சரி, நம்ம கதவ வைக்கப் போற அந்தக் கொழும்பு பெஸ்டிவல் செவுத்துல ஒட்டுனாலும் சரி, எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

அவசரமானத மொதல்ல சொல்லிடுறேன். இன்னைக்குப் பகல் ஒரு ஆளு வருவாருன்னு சொன்னியே, புதுச் சாமானப் பழசாக்குற ஆளு, அவரு கைய நம்ம கதவுல வைக்க விடாத. நாங்க வந்து சேருற வரைக்கும் விடாத. நாங்கன்னா நான் மட்டும் இல்ல. வேன் புடிச்சாச்சு. உன் அம்மா வர்றா, பக்கத்துக் காம்பிரா செல்வி அக்கா வர்றா, நம்ம லயத்து வீட்டு வரிசையில பாதிச் சனம் வருது. உன் பெஸ்டிவல் பாக்க வருதுன்னு நெனச்சுக்காத, படமும் பாட்டும் அவங்களுக்கு எதுக்கு? கதவப் பாக்க வருது. நம்ம லயத்துக் கதவு கொழும்புல நிக்குது, சனம் வந்து பாக்குதுன்னு செல்வி அக்கா நமுனுகுலயில இருந்து பசறை வரைக்கும் சொல்லி வச்சிருக்கா. நேத்தே புளிச்சோறு கிண்டியாச்சு. நீ கத்துனது இவங்க யாருக்கும் தெரியாது. கதவச் சுரண்டப் போறாங்கன்னும் தெரியாது. நான் சொல்லல. எப்படிச் சொல்லுறது, நீயே சொல்லு.

நீ கேட்டது எனக்கு வெளங்காமப் போயிருச்சுன்னு நெனைக்காத. போன தடவ வந்தப்ப கதவு முன்னால குந்திக்கிட்டு, நகத்தால பச்சப் பெயிண்ட உரிச்சுக் காட்டுன. அடியில நீலம், அதுக்கும் அடியில செங்காவி, எல்லாத்துக்கும் அடியில தோட்டத்துக் கம்பெனி அடிச்ச தார். "அப்பா, ஒவ்வொரு தீவாளிக்கும் அடிச்சது எல்லாம் இதுல இருக்குப்பா, யாருமே அழிக்கல"ன்னு சொன்ன. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, வெளிய காட்டிக்கல. பெரிய பழைய ஸ்டோர் கட்டடம் ஒன்னுல அந்தக் கதவத் தனியா நிக்க வைப்பேன், செவுரு இருக்காது, தெறந்துக்கிட்டு உள்ள வந்தா நான் எடுத்த படம் ஓடும், லயத்துல விடியக்காலம் கேக்குற சத்தம் எல்லாம் கேக்கும்னு கைய ஆட்டி ஆட்டிச் சொன்ன. "தொடைக்கக் கூடாது, கழுவக் கூடாது, அப்படியே அனுப்புங்க"ன்ன. சரின்னேன். உன் கண்ண நான் நம்புறவன். இன்னைக்கு நேத்து இல்ல.

உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ, நம்ம தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நான் மொத மொதல்ல லைட் செட்டும் சவுண்ட் செட்டும் சேத்துப் போட்ட வருசம். இருக்குற டியூப்லைட் எல்லாத்தயும் கட்டி கோயில் முன்னாலயே பகலாக்கி வச்சிருந்தேன். எனக்கு ஒரே பெருமை. நீ அப்ப ஸ்கூலுக்குப் போகத் தொடங்கின நேரம், என் சட்டையப் புடிச்சு இழுத்து, "சாமி தெரியலப்பா, லைட்ட அணைங்க"ன்ன. போ புள்ளன்னேன். விடல. எரிச்சல்ல ஒரு வரிசைய அணைச்சேன். சனம் ஓன்னு கத்துச்சு, தோட்டத்துத் தலைவர் மைக்லயே என்னத் திட்டினாரு. ஆனா சப்பரம் வெளிய வந்தப்ப அதுல கட்டியிருந்த சின்ன பல்பு எல்லாம் ஒன்னொன்னாத் தெரிஞ்சுச்சு. கத்துன சனம் வாய மூடிக்கிச்சு. இந்தப் புள்ள படிக்க வேண்டிய படிப்பு நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுச்சு. அதனாலதான் நீ டிசைன் படிக்கப் போறேன்னு சொன்னப்ப, டீச்சராப் போனா என்னன்னு ஊரே கேட்டப்ப, நான் ஒருத்தன் மட்டும் போன்னு சொன்னேன்.

பழசாக்குற வேலையும் எனக்குத் தெரியாதது இல்ல. ஸ்கூல விட்டு ஓடி புறக்கோட்டையில சவுண்ட் செட் கடையில பொக்ஸ் தூக்குன காலத்துல, கொழும்புல நடந்த பெரிய பெரிய விழா எல்லாம் பாத்தவன் நான். என்ன, எல்லாத்தயும் பின்பக்கத்துல இருந்து பாத்தேன். மேடையில பழைய கோட்டச் செவுரு மாதிரி நிக்கும், பின்னால வந்து பாத்தா ரெஜிபோம், அமுக்குனா உடையுற வெள்ள அட்ட. கருப்புத் தண்ணியத் தெளிச்சு, கம்பிப் பிரஷால கீறி, ஒருத்தன் பாட்டுக் கேட்டுக்கிட்டே நூறு வருசத்த ஏத்திக்கிட்டு இருப்பான். நல்ல வேலக்காரன்தான். எனக்கு அவன் மேல கோவம் இல்ல. ரெஜிபோம என்ன வேணாப் பண்ணட்டும். அது யாரு வீட்டு வாசல்லயும் நின்னது இல்ல.

இரு, வேன் சத்தம் மாதிரி கேட்டுச்சு. இல்ல, பால் லொறி.

ஞாயித்துக்கிழம நடந்தத அப்படியே சொல்லுறேன். தேயில மலைக்கு வேல இல்ல, எல்லாரும் லயத்துல. நான் கீலக் கழட்டிக் கதவத் தூக்கி முன்பக்கம் சாத்தி வச்சேன். செல்வி அக்கா துணி காயப்போட வந்தவ நின்னுட்டா.

"என்ன தம்பி, வீட்ட வித்துட்டியா?"

"மக கேட்டாக்கா. கொழும்புல வச்சுக் காட்டப் போறாளாம்."

"எத?"

"இந்தக் கதவத்தான்."

"இதயா?" கிட்ட வந்து பாத்தா. "இந்தக் கோலத்துலயா? ஏன் தம்பி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? கல்யாண வீட்டுக்கு நீ பனியன் போட்டுக்கிட்டுப் போவியா?"

"அவளுக்குப் பழசாத்தான் வேணுமாம்."

"அவ சின்னப் புள்ள, ஆயிரம் கேப்பா. நம்மதான் பாத்து அனுப்பணும். பாக்குறவன் நம்மளத்தான கேவலமா நெனப்பான்? இவளுக பெயிண்ட் அடிக்கக் கூட வக்கில்லாதவளுகன்னு."

அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு டின்னோட வந்துட்டாங்க. சப்பரத்துக்குப் பூ வரையுற முத்தையா மாமா கோயில் வேலையில மிஞ்சுன நீலத்தக் கொண்டாந்தாரு. நீலம் அடிச்சா செத்த வீடு மாதிரி இருக்கும்னு ரோஸ் டின்னோட நின்ன செல்வி அக்கா. உன் ரோஸ் மட்டும் என்ன, கேக் கடையான்னு மாமா. அப்ப மஞ்சள்னு ஒருத்தர். மஞ்சள் அடிச்சா பஸ் ஹோல்ட்டுன்னு நெனச்சு ஆளுக வந்து நிப்பாங்கன்னு இன்னொருத்தர். நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன், பிறகு கத்துனேன். நம்பு. "புள்ள தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, எல்லாரும் போங்க"ன்னு டின்னோட எல்லாரயும் தொரத்தி விட்டேன். மாமாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. நான் பாக்கல. உனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன்னுதான் நெனச்சேன்.

அதுக்குப் பிறகும் ஏன் அடிச்சதுன்னு சொல்லணும்னா, உனக்குத் தெரியாத ஒரு விசயத்தச் சொல்லணும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லல. யாருமே அதப் பத்திப் பேசுறது இல்ல, அவ்வளவுதான்.

நீ கொழும்புக்குப் போன மொத வருசம். எல்ல டவுன்ல டூரிஸ்ட் வர்ற கடை ஒன்னுல பாட்டுக் கச்சேரி, செட் போடக் கூப்புட்டாங்க. எனக்கு உதவிக்கு வர்ற ஆளுக்குக் காய்ச்சல். அம்மா நான் வாறேன்னா. ஒயர் சுத்துறதுல அவ என்னவிட வேகம், உனக்குத் தெரியும். உள்ள போனா, நடுச் செவுத்துல, இந்தக் கதவு உசரத்துக்கு ஒரு போட்டோ. நான் மொதல்ல யாருன்னு பாக்காம, நல்லா இருக்கு இதுன்னுதான் பாத்தேன். பிறகுதான் தெரிஞ்சுச்சு, அம்மா. கொழுந்துக் கூடையோட நிக்குறா. தல நனஞ்சிருக்கு. கால்ல அட்ட கடிச்ச ரத்தம். இடுப்புல மழைக்குக் கட்டுற படங்கு, அது ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குது. ரொம்ப வருசத்துக்கு முன்ன ஒரு வெள்ளக்காரன் மலைக்கு வந்து எடுத்தது. நீ கைப்புள்ளயா இருந்தப்ப. எனக்கு அந்தக் கதை தெரியும், போட்டோவப் பாத்தது அன்னைக்குத்தான். அம்மா அவனுக்குச் சைகை காட்டிக் கேட்டிருக்கா, இரு, நல்ல சீலை ஒன்னு கட்டிக்கிட்டு ஓடி வாறேன்னு. அவன் "நோ, நோ, பியூட்டிபுல்"னு சொல்லிக்கிட்டே எடுத்துட்டான்.

பொய் சொல்லக் கூடாது, நல்ல போட்டோ. அந்தக் கண்ண அப்படி எடுக்குறதுக்குக் கை வேணும். நீ பாத்திருந்தா நீயும் பியூட்டிபுல்னுதான் சொல்லியிருப்ப.

அந்தக் கடையில வேல செய்யுற பொடியன் ஒருத்தன், நம்ம ஆளு, போட்டோவயும் பாக்குறான், அம்மாவயும் பாக்குறான். "அக்கா, இது நீங்கதான?"ன்னு சந்தோசமா ஓடி வந்தான். அம்மா நிமிந்து கூடப் பாக்கல. "இல்ல தம்பி, அது வேற யாரோ"ன்னா. கச்சேரி முடியுற வரைக்கும் அந்தச் செவுத்துக்கு முதுகு காட்டியே உக்காந்திருந்தா. வீட்டுக்கு வர்ற வழியில, த்ரீவீல்ல, ஒரே ஒரு தடவ பேசினா. "நல்ல படங்கு ஒன்னு வீட்டுல இருந்துச்சுங்க. அன்னைக்குன்னு பாத்து கிழிஞ்சதக் கட்டிட்டுப் போயிட்டேன்." அதுக்குப் பிறகு எல்லப் பக்கம் வேல வந்தா நான் அவளக் கூப்புடுறது இல்ல.

இப்ப ஞாயித்துக்கிழமைக்கு வா. எல்லாரயும் தொரத்திட்டு நான் உள்ள வந்து பிளேன்டி ஊத்திக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். வெளிய சரக் சரக்னு சத்தம். போய்ப் பாத்தா அம்மா. கதவு முன்னால குந்தி, சேண்ட் பேப்பரால தேய்க்குறா. உன் பச்ச, உன் நீலம், உன் செங்காவி எல்லாம் தூளாக் கால்ல கொட்டுது.

"ஏய், புள்ள தொடாதீங்கன்னு சொல்லியிருக்காடி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவ தேய்க்குறத நிப்பாட்டல. "இந்தத் தடவயாவது கட்டிக்கிட்டுப் போவோம்"ன்னா.

அந்தப் பேப்பர அவ கையில இருந்து புடுங்குற தெம்பு எனக்கு இல்ல புள்ள, நானும் ஒரு துண்டக் கிழிச்சு எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் குந்திட்டேன். கொஞ்ச நேரத்துல ஒவ்வொருத்தரா டின்னத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. கலர் சண்ட மறுபடியும் தொடங்குச்சு. அம்மா எந்திரிச்சு எல்லாருடையதயும் ஒரே வாளியில ஊத்திக் கம்பால கலக்கிட்டா. என்ன கலர் வந்துச்சுன்னு நீ பாத்திருப்ப. கடையில அதுக்குப் பேரு கெடையாது. செல்வி அக்கா மயில்ங்குறா, மாமா கத்திரிக்காய்ங்குறாரு. ஓரத்துல பூக்கொடி மாமா போட்டது. உள்பக்கமும் அடிச்சாச்சு, திருப்பி மாட்டிக்கலாம்னு பாக்காத. பாதி வேல செஞ்சு அனுப்பக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டா.

காஞ்ச பிறகு பழைய போர்வையில சுத்தி, பண்டாரவளையில மரக்கறி லொறியில ஏத்தி விட்டேன். கோவாக் கோசு மூட்டைக்கு மேல படுக்க வச்சு. ஹல்துமுல்லையில பொலிஸ் மறிச்சு, மரக்கறி லொறியில கதவு என்னத்துக்குன்னு கேட்டுச்சாம். டிரைவர் போன் பண்ணுறான், "அண்ணே, கதவு நடிக்கப் போகுதுன்னு சொன்னேன், சிரிச்சுட்டு விட்டுட்டாங்க"ன்னு. அத லவுட் ஸ்பீக்கர்ல போட்டு லயமே சிரிச்சுச்சு. கதவு கொழும்பு போய்ச் சேந்த செய்தி வந்தப்ப செல்வி அக்கா கை தட்டுனா. அதுக்குப் பிறகுதான் உன் போன் வந்துச்சு. நான் ஸ்பீக்கர அணைச்சுட்டுக் கோயில் பக்கம் நடந்து போய்ப் பேசினேன்.

நான்தான் அடிக்கச் சொன்னேன்னு அங்க நின்னுதான் சொன்னேன். பொய். உன் கேள்விக்குப் பதில் இதான்: அம்மா. அவ பேரச் சொன்னா அவகிட்டயும் இப்படிக் கத்துவியோன்னு பயந்தேன். கத்த மாட்ட, தெரியும். ஆனாலும் பயம்.

உனக்கு என்ன நட்டம்னும் எனக்குத் தெரியுது. பழைய கதவு இல்லன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு பெஸ்டிவல் நடத்துற அந்த மேடம் சொன்னாங்கன்ன. ரெண்டு வருசமா இதுக்கு அலஞ்ச. உன் பேரு போட்டு நிக்கப் போற மொத வேல. அது ஒன்னும் லேசான விசயம் இல்ல, போனாப் போகுதுன்னு சொல்லுற ஆளு நான் இல்ல. நானா இருந்தா எப்பவோ கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறி ஓடியிருப்பேன். நான் எல்லாத்தயும் அப்படித்தான் விட்டேன், ஸ்கூல, கொழும்ப, ரெண்டு மூனு வேலய. நீ ஓடாத. மேடத்துக்கிட்ட நில்லு, பேசு. இது எங்க வீட்டுக் கதவு, எங்க வீட்டு ஆளுக இப்படித்தான் அனுப்புனாங்கன்னு சொல்லு. தீவாளிக்குத் தீவாளி யாரு அடிச்சதுன்னு நெனச்ச? இவங்கதான? இந்த ஞாயித்துக்கிழம அடிச்சது மட்டும் எப்படிக் கணக்குல சேராமப் போகும்? செல்வி அக்கா மக போன்ல எல்லாம் எடுத்து வச்சிருக்கா, கலர் சண்ட, வாளி, அம்மா தேய்க்குறது எல்லாம். உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். பாரு. பாத்துட்டு வேணாம்னா வேணாம்.

இன்னொன்னு, கோவிச்சுக்காத. உன் படத்துலயும் அம்மா நிக்குறாளாமே. நான் இன்னும் பாக்கல. அவ மலைக்குப் போறப்ப கூடவே போய் எடுத்தன்னு சொன்ன. என்ன கட்டிக்கிட்டு நிக்கட்டும்னு அவ கேட்டாளா? கேட்டிருப்பா. நீ என்ன சொன்ன?

பதில் எனக்கு அனுப்ப வேணாம்.

முடிவு உன்னுது. உன் வேல, உன் பேரு, நான் வந்து ரகள பண்ண மாட்டேன். ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். சுரண்டத்தான் வேணும்னா நாங்க வர்றதுக்கு முன்னால சுரண்டாத. அம்மாவக் கூட்டி வந்து பக்கத்துல நிப்பாட்டுறேன், அவ முன்னால வச்சுச் சுரண்டு. ஒளிச்சு மறச்சுச் செஞ்சுட்டு, பெஸ்டிவலுக்கு இப்படித்தான்மான்னு சொல்லாத. அவ அங்கயும் அது நம்ம கதவு இல்ல, வேற யாருதோன்னு சொல்லிட்டு முதுகக் காட்டி உக்காந்துடுவா. லயமே கூட நிக்கும். என்னால இன்னொரு தடவ அதப் பாக்க ஏலாது.

கதவுக் கொண்டி என் சட்டப் பையில இருக்கு. தொலஞ்சுடும்னு நான்தான் கழட்டி வச்சுக்கிட்டேன். அது இல்லாம கதவு நிக்காது, ஆடும், அதனால எப்படியும் நான் வந்துதான் மாட்டணும். கறுப்பாத்தான் இருக்கு, தாத்தா காலத்துக் கறுப்பு. இத மட்டும் அம்மா தேய்க்கல.

வேன் வந்திருச்சு. ஹோர்ன் அடிக்கிறான், லயமே எந்திரிச்சிரும். முத்தையா மாமா கால் வலி, வரல, நம்ம வாசல்ல கதிரையப் போட்டு காவலுக்கு உக்காந்துட்டாரு. அம்மா மொத ஆளா ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கா. உன் சித்தி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சீலை. உள்ள இருந்து என்னப் பாத்துக் கத்துறா, "என்னங்க, கதவப் பூட்டுனீங்களா?"ன்னு. வேன்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்குறாங்க. அவளும் சிரிக்குறா, வாயப் பொத்திக்கிட்டு. போறேன் புள்ள, கூப்புடுறாங்க.